சந்தில் நான் போட்ட சத்தம்

என்னோடு வாதாடி ஜெயித்தவர்கள் குறைவு. இப்போது இதைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்கிறேன். ரொம்ப வருஷம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தாராவியில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்களில் நானும் ஒருத்தி. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவது, குழந்தைகளுக்கு ஊசி போடும் நாளைச் சொல்வது, காசநோய்க்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது, இதுதான் என் வேலை. இருந்தாலும் என் பகுதியில் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’. சுகாதார மையத்தில் என்கூட வேலை பார்க்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘வக்கீலம்மா’. எந்த வீட்டில் பிடிவாதம் பிடித்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

எதிரே இருப்பவர் வாயைத் திறக்கும்போதே அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் சிவப்பாகப் போகிறதே, ரத்தம் அல்லவா போகிறது என்று பயந்து மருந்தை நிறுத்திய தையல்காரர் ஒருவர் இருந்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் “அது ரத்தம் இல்ல அண்ணாச்சி, மாத்திரையோட கலரு” என்று அடித்துவிட்டேன். ‘உடம்புக்குச் சூடு’ என்பவர்களுக்கு ஒரு பதில், ‘எங்க வம்சத்துலயே கிடையாது’ என்பவர்களுக்கு ஒரு பதில், ‘இப்ப நல்லாத்தான இருக்கேன்’ என்பவர்களுக்கு மூன்று பதில். வீட்டிலும் இதே கதைதான். என் கணவர் ஒருநாள் சொன்னார்: “ஒனக்குக் காது கம்மல் போடுறதுக்கு மட்டுந்தான் இருக்கு.” அதற்கும் உடனே ஒரு பதில் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் என் பதிவேட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்தில் அவர்கள் வீடு. கீழே ஓர் அறை, ஓரத்தில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் மோரி, இரும்பு ஏணி ஏறினால் மேலே தலை இடிக்கிற இன்னோர் அறை. அப்பா மாட்டுங்காவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். காலையில் போனால் ராத்திரிதான். அம்மா அடுத்த தெருவில் முறுக்குப் பட்டறையில் விடியற்காலையிலிருந்து பத்து மணி வரை வேலை செய்வாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். மகளுக்கு இருபத்துமூன்று வயது. சயானில் ரயிலேறி, தானேயில் மாறி, ஐரோலியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் விடாத இருமல், எடை குறைந்தது, சளியைப் பரிசோதித்தால் காசநோய். ஆறு மாதம் மாத்திரை. கம்பெனிக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டு, மேலே இருந்த அறையிலேயே உட்கார்ந்து வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தாள்.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. வாரத்துக்கு ஒரு தரம் போவேன். அம்மா மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுவாள். “சாப்பிடுதாளா?” “சாப்பிடுதா சிஸ்டர்.” “வாந்தி கீந்தி?” “இல்ல சிஸ்டர்.” பதிவேட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். மேலேயிருந்து மகள் இங்கிலீஷில் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். வேலையில் இருக்கிறாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டாவது மாதம் நான் போனபோது அம்மா வாசல் நிலையை மறித்துக்கொண்டு நின்றாள்.

“இனிமே நீங்க வரவேண்டாம் சிஸ்டர்.”

“ஏன்க்கா? மாத்திரை?”

“ஒண்ணும் வேண்டாம்.”

காரணத்தை அவள் மறைக்கவில்லை. டோம்பிவிலியில் இருந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நம்ம ஊர்ப் பக்கத்துக் குடும்பம். பையனுக்கு நல்ல வேலை, பெண்ணையும் பிடித்துப் போயிற்று. “இனி ஆள விட்டு சந்துல விசாரிப்பாங்க. நீங்க இந்தச் சேலையும் பையுமா வாரா வாரம் எங்க வாசல்ல வந்து நின்னா, கேக்கவனுக்கு யாராவது ஒண்ணு சொல்லாமலா இருப்பாங்க?” என்றாள்.

இப்போது யோசித்தால், நான் செய்ய வேண்டியது எல்லாம் அந்த இரண்டு வாக்கியத்திலேயே இருந்தது. எங்களுக்கென்று கொடுத்திருக்கும் கரைபோட்ட சேலையை உடுத்தாமல், கழுத்தில் அட்டையை மாட்டாமல், வேறெங்காவது வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. இந்தக் காரணத்துக்கான பதில் ஏற்கெனவே என்னிடம் இருந்தது. “உசிரு முக்கியமா, கல்யாணம் முக்கியமா?” என்றேன். சொன்னபோது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. அவள் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

பகலில் கதவைச் சாத்தினாலே எங்கள் சந்துகளில் அது செய்தி. காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் எல்லாக் கதவும் திறந்தேதான் கிடக்கும். அந்த ஒரு கதவு சாத்தியிருந்தது. நான் விடவில்லை. மூன்று வாரம் போனேன். நடுவில் நிறுத்தினால் அடுத்த தடவை இந்த மாத்திரை கேட்காது, இதைவிடக் கடுமையான மருந்து வருஷக் கணக்கில் சாப்பிட வேண்டியிருக்கும் என்று சொன்னேன். படம் போட்ட நோட்டீஸைக் காட்டினேன். அவள் எதையும் மறுக்கவில்லை. “தெரியும் சிஸ்டர்” என்பாள். “எம்பிள்ளைய எனக்குப் பாத்துக்கிடத் தெரியும்” என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. வாதாடுகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இப்படி ஒத்துக்கொண்டே கதவைச் சாத்துகிறவளிடம் என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. பதிவேட்டில் அந்தப் பெயருக்கு நேராக ‘மருந்தை நிறுத்திவிட்டார்’ என்று எழுதினேன். எழுதும்போது கை அழுத்தியதில் அடுத்த பக்கத்திலும் தடம் விழுந்தது.

நாலாவது தடவை போனது காலை பதினொரு மணிக்கு. குழாயில் தண்ணீர் வரும் நேரம். சந்து முழுக்கக் குடமும் பைப்பும் பெண்களும். அவள் கதவைத் திறந்தாள், என்னைப் பார்த்தாள், சாத்தப் போனாள். நான் கையால் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் உள்ளேயிருந்து தள்ளினாள். கதவு என் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. நான் கத்தினேன்.

“டிபிய வீட்டுக்குள்ள பூட்டி வச்சா சரியாப் போயிருமா? ஒம்பிள்ள செத்துப்போவா. பாத்துக்கிட்டே இரு, செத்துத்தான் போவா.”

எதிர்வீட்டுக்காரி குடத்துக்கு அடியில் பைப்பை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். குடம் நிரம்பி வழிந்தது; யாரும் பைப்பை எடுக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குச் சொல்லித் தந்தது, வீட்டுக்கு வெளியே நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு நானே பத்துத் தடவையாவது அதைச் சொல்லிக் கொடுத்திருப்பேன். மையத்துக்கு நடந்து போகிற வழியெல்லாம், அவள் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். மெயின் ரோடு வருவதற்குள் அது செல்லாமல் போய்விட்டது. நான் செய்தது தப்பு. அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நான் சந்தில் வைத்து உடைத்துவிட்டேன். சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்குச் சாதாரணப் புடவையில், பை இல்லாமல், அட்டை இல்லாமல் போனேன். மன்னிப்புக் கேட்பதாகத்தான் நினைப்பு. ஆனால் உண்மையைச் சொல்வதானால், மன்னிப்புக்குப் பிறகு சொல்வதற்குப் புதிதாக ஒரு வாதத்தையும் வழியில் தயார் செய்து வைத்திருந்தேன். அவ்வளவு ஆனபிறகும் புத்தி வரவில்லை.

கதவைத் திறந்தவள், “உள்ள வா. வாசல்ல வச்சுப் பேசினது போதும்” என்றாள். ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. அது எனக்கு வேண்டியதுதான். நான் உட்கார்ந்ததும் அவள் கதவைச் சாத்தி, அலமாரிக்கு மேலிருந்து ஒரு முறுக்கு டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்து அப்படியே என் மடியில் கவிழ்த்தாள்.

காலி மாத்திரை அட்டைகள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருந்தது. அன்றைய தேதி வரைக்கும்.

“என் தங்கச்சி பாண்டுப்ல இருக்கா. அங்க ஒரு டாக்டர். ரெண்டு வாரத்துக்கு ஒருக்க இவளக் கூட்டிக்கிட்டுப் போயிக் காட்டுதேன். லோக்கல் ரயில்ல கூட்டத்துல இடிபடக் கூடாதுன்னு மத்தியானம் வண்டியில போறோம். பட்டறையில ஒருநாள் லீவு. ஒருநாள் கூட மாத்திரை தப்பல. நான் எப்பம் நிறுத்தினேன்? நீ எங்கிட்ட எப்பமாவது கேட்டியா?”

நான் கேட்கவில்லை. மூன்று வாரம் அந்த வாசலில் நின்று எவ்வளவோ பேசினேன். வேறெங்காவது மருந்து வாங்குகிறீர்களா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

“சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன். எனக்கே அது அல்பமாகப் பட்டது.

“சொன்னா நீ அத ஒன் புஸ்தகத்துல எழுதுவ. பாண்டுப்ல இருந்து ஒன்ன மாதிரி இன்னொருத்தி என் தங்கச்சி வீட்டு வாசல்ல வந்து நிப்பா.” பிறகு அவள் குரல் இறங்கியது. “கடைசி வீட்ல இட்லி அவிச்சு வித்தாளே தூத்துக்குடிக்காரி, நெனவு இருக்கா? அவளுக்கு மாத்திரை குடுத்தது நீதான?”

“ஆமா. நல்லா குணமாயிட்டாங்க.”

“ஒன் புஸ்தகத்துல குணமாயிட்டா. எங்க சந்துல அவ குணமாகவே இல்ல. அதுக்கப்புறம் அவகிட்ட ஒருத்தரும் இட்லி வாங்கல. தெனமும் அவிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா, பத்து மணிக்கு நாய்க்குப் போடுவா. நாலு மாசம் பாத்தா, போயிட்டா.” அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக டின்னுக்குள் எடுத்துப் போட ஆரம்பித்தாள். “நானும் வாங்கல. இட்லியில நோய் வராதுன்னு எனக்குத் தெரியும். நீதான் வந்து சொன்ன, நல்லாத்தான் சொன்ன. தெரிஞ்சும் நான் வாங்கல. இந்தச் சந்துல எல்லாரும் என்ன மாதிரிதான. அதான் எனக்குப் பயம்.”

அந்த இட்லிக்காரம்மாவை எனக்கு நன்றாக நினைவிருந்தது. முழுசாக மருந்து சாப்பிட்டு முடித்தவர். எங்கள் மையத்துக் கூட்டத்தில் அவரைப் பற்றி எழுந்து நின்று பேசியிருக்கிறேன், கை தட்டினார்கள். பிறகு ஒருநாள் வீடு பூட்டியிருந்தது. ‘இடம் மாறிவிட்டார்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். ஏன் மாறினார் என்று எழுத எங்கள் பதிவேட்டில் இடம் கிடையாது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன்க்கா” என்றேன். “இப்ப நான் என்ன செய்யணும்?”

அவள் யோசித்து வைத்திருந்தாள். “வெளிய போ. எதிர்வீட்டுக்காரிகிட்ட, வீடு மாறி வந்து சத்தம் போட்டுட்டேன், இது வேற வீட்டுக் கேஸுன்னு சொல்லு. அவகிட்டச் சொன்னாப் போதும், சந்து முழுக்கச் சொல்லிருவா.”

என்னால் முடியாது என்று தோன்றியது. நோயை மறைக்காதீர்கள் என்றுதான் இத்தனை வருஷம் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லியிருக்கிறேன். வேறு வீடு என்றால் எந்த வீடு என்று தேட ஆரம்பிப்பார்கள். இன்னொரு பெண்ணின் தலையில் போய் விழும். அதை அவளிடம் சொன்னேன், இந்தத் தடவை மெதுவாக. அவள் கேட்டுக்கொண்டாள். “சரிதான்” என்றாள். “ஆனா அது எம்பிள்ள இல்லல்ல.” அவள் கேட்பது தப்பு என்று எனக்குத் தெரிந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் கேட்பேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்து பழக்கமில்லை எனக்கு. இனிமேல் யார் வந்து கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். “சொன்னது சொன்னதுதான, இனிமே மூடி என்ன ஆவப்போவுது?” என்றாள். அதுவும் நியாயம்தான், அதை வாய்விட்டே ஒத்துக்கொண்டேன். பிறகு நானும் அவளோடு சேர்ந்து மிச்ச அட்டைகளை டின்னுக்குள் எடுத்துப் போட்டேன். இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் அந்தப் பொய்யைச் சொல்ல எழுந்து போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏணி கிறீச்சிட்டது. மகள் இறங்கி வந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. முதல் மாதம் பார்த்ததைவிடக் கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது.

“அவருக்குத் தெரியும்மா” என்றாள்.

“யாருக்கு?”

“டோம்பிவிலி. ரெண்டாவது தடவ போன்ல பேசும்போதே சொல்லிட்டேன்.”

அம்மா எழுந்து நின்றாள். அடிக்கப் போகிறாளோ என்று நான் பயந்தேன். அடிக்கவில்லை. “என்னட்டி சொன்னாரு?” என்றாள்.

“நாலு நாளு போனே இல்ல. அப்புறம் பண்ணாரு. மாத்திரை எப்ப முடியும்னு கேட்டாரு. முடியட்டும், அப்புறம் டேட் ஃபிக்ஸ் பண்ணலாம்னாரு. அவங்க அம்மாகிட்ட இன்னும் சொல்லல. பயமா இருக்காம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ கேக்கலியே. எனக்காக எல்லாத்தையும் நீயே மறைச்சுக்கிட்டு இருந்த. மறைக்கணுமான்னு கேக்கல.” அவள் சொன்னதில் கோபம் அதிகமில்லை, களைப்புதான் இருந்தது. “எதிர்வீட்டு அக்கா நேத்து தண்ணி மோட்டார் போட வந்தப்பக் கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். அவ்ளோதான், முடிஞ்சிருச்சு.”

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “அப்பம் நான் யாருக்காவப் பாண்டுப்புக்கும் இங்கனயுமா அலஞ்சேன்?” என்றாள். மகள் போய் அவளை ஒட்டி உட்கார்ந்து, தோளில் தலையை வைத்துக்கொண்டாள். “எனக்காகத்தாம்மா. இல்லன்னா சொன்னேன்?” அம்மா அழுதாள். நான் எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியாமல் டின்னின் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

“ஆன்ட்டி” என்றாள் மகள். வாரா வாரம் அந்த வீட்டுக்குப் போயும் அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. “அன்னைக்கு நீங்க சத்தம் போட்டப்ப நான் மேலதான் இருந்தேன். ஆபீஸ் கால் பேசிக்கிட்டு இருந்தேன், மைக் ஆன்ல இருந்துச்சு. கட் பண்ணிட்டேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் செத்துருவேன்னு சொன்னீங்க. நெஜமாவா?”

இருபத்துமூன்று வயது. கம்பெனியில் வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் பேசுகிறவள். நோயைப் பற்றி எங்களைவிட அதிகம் போனிலேயே படித்திருப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. மூன்று நாளாக இந்த ஒரு கேள்வியோடு அவள் அந்த மேல் அறையில் இருந்திருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் கீழே அவள் கல்யாணத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

“இல்லம்மா. நீ மருந்து சாப்பிடுத. ஒனக்கு ஒண்ணும் ஆவாது. அன்னைக்குக் கோவத்துல பொய் சொல்லிட்டேன்” என்றேன். அத்தோடு நிறுத்த நினைத்தும் பழைய பழக்கம் விடவில்லை. ஆறு மாதம், எடை, அடுத்த பரிசோதனை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். “ரொம்பப் பயந்துட்டியா?” என்று கேட்டேன்.

காத்திருந்தேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுசு போலிருந்தது. வெளியே யாரோ குடத்தை இழுத்துக்கொண்டு போனார்கள்.

“ராத்திரி இருமல் வந்தா, அம்மா முழிச்சிரக் கூடாதுன்னு தலகாணிய வச்சு அமுக்கிக்குவேன் ஆன்ட்டி” என்று ஆரம்பித்தாள். பிறகு சொல்லிக்கொண்டே போனாள். அம்மாவும் நானும் குறுக்கே பேசவில்லை.